சித்திரை வெண்டையும் வீட்டுத் தோட்டமும்

மாசிப் பிற்பகுதியில் விதைத்த வெண்டை, ஏறக்குறைய 45 நாட்களில், சித்திரை பிறந்ததும் காய்க்கத் தொடங்குகிறது. பூ மலர்ந்த ஆறேழு நாட்களில் பறித்தலே முறை. நுனி ஒடிந்தால் இளங்காய், வளைந்தால் முற்றல்.

பாவு முடியட்டும் என்று நெசவாள அங்கத்தினர் பலர் பறிப்பைத் தள்ளிப்போடுவதை நாம் காண்கிறோம். கூலி வரத் தாமதமாகும் வாரங்களில் இது வீட்டுக்கு இரட்டை நட்டம். முற்றிய காய் கறிக்கு உதவாது. செடியின் சத்து விதைக்கே செல்வதால் புதுக் காய்களும் குறையும். ஆகவே ஒருநாள் விட்டொருநாள் பறித்தல் வேண்டும்.

கிணற்றில் நீர் இறங்கிவிட்டதா? கீரைப் பாத்தியை விட்டுவிட்டு வெண்டைக்கே பாய்ச்சுக; மாலை வேளை நன்று. இலை நரம்புகள் மஞ்சளித்த செடியை மட்டும், காய் இருப்பினும், தயங்காது பிடுங்கி எரித்துவிடுக. வெள்ளை ஈ அந்நோயை அடுத்த செடிக்குக் கொண்டு செல்லும்.