கோழியும் கீரியும்

முட்டை விற்ற காசில் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வாங்கும் வீடுகளைத் திண்டுக்கல் வட்டாரத்தில் தலைமையாசிரியனாக இருந்த நாளில் நிறையக் கண்டிருக்கிறேன். அவ்வீடுகளில் நாலு குஞ்சு மறைந்தால் அது சிறு நட்டமன்று. "பொறி வைக்கலாமா, ஐயா?" என்று இன்றும் கேட்கிறார்கள். வேண்டா என்பதே என் விடை.

பகலில் வருவது பெரும்பாலும் கீரி. இரவில் வருவன காட்டுப்பூனையும் மரநாயும். மூன்றையும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. அனுமதியின்றிப் பிடிப்பது குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். ஒன்றைப் பிடித்தால் அவ்விடத்திற்கு மற்றொன்று வந்து சேரும். கீரி எலியையும் பாம்பையும் தின்பது என்னவோ மெய். அதற்காக அதனைச் சாது என்று சொல்லேன். 1872இல் கரும்புத் தோட்டத்து எலிகளை ஒழிக்கக் கல்கத்தாவிலிருந்து ஜமைக்காத் தீவுக்கு ஒன்பது கீரிகளைக் கொண்டுபோனார்கள். அவை பெருகி, அங்குள்ளோர் வளர்த்த கோழிகளையும் சூறையாடின.

பூட்டுக்குப் பெயர்பெற்ற ஊர்க்காரர் நாம். கோழிக்கூட்டுக்கு மட்டும் ஒரு கயிற்று முடிச்சோடு நின்றுவிடுகிறோம்! இளங்குஞ்சுகளைப் பகலிலும் பஞ்சாரத்தில் கவிழ்த்து, மேலே கனத்த கல்லை வையுங்கள். கூட்டைச் சுற்றி அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை அடித்து, அதன் அடியை ஓரடி ஆழம் மண்ணில் புதையுங்கள். கீரி மண்ணைத் தோண்டும். மேற்புறத்தையும் வலையால் மூடுங்கள். மரநாய் கூரைவழியே இறங்கும்.