உடுக்கை ரவையும் கட்டிக் குண்டும்

வில்லாளன் அம்பின் வாற்புறத்தில் இறகு கட்டுவது அழகு கருதியன்று. அம்பு பறக்கும்பொழுது காற்று அவ்விறகினைப் பற்றிப் பின்னிழுக்கின்றது. அதனால் கனத்த முனை முன்னோக்கியே செல்லுகின்றது. பம்பரத்திற்கோ இறகில்லை, சுழற்சி ஒன்றே அதனை வீழாமற் காக்கின்றது. காற்றுத் துப்பாக்கியில் இடப்பெறும் இருவகைக் குண்டுகளின் இயல்பை அறிய விழைவோர் இவ்விரண்டையும் நினைவிற் கொள்வாராக.

காற்றுத் துப்பாக்கியில் வெடிமருந்து இல்லை. அடைபட்ட காற்று விரிந்து குண்டினை உந்துகின்றது. 1780-ஐ ஒட்டி ஆஸ்திரியப் படையினர் ஏந்திய அத்தகைய துப்பாக்கி, ஈய உருண்டைகளையே எறிந்தது. பிற்காலத்தே தோன்றியது ‘பெல்லட்’ எனப்படும் ரவை. அதன் தலை திண்ணியது; இடை சிறுத்தது; பின்புறம் உள்ளே குடைவாகி மெல்லிய விளிம்புடன் விரிந்தது. கயிற்றில் உருட்டி ஆடும் ஒரு விளையாட்டுக் கருவியின் பெயரால் மேனாட்டார் இவ்வடிவினை ‘டயபோலோ’ என்றனர். நம்மவர் கண்ணுக்கு அஃது உடுக்கையே. மங்கையர் இடைக்கு உடுக்கையை உவமை கூறிய புலவர், ஈயத்திலும் அவ்விடையைக் காண்பரேல் நகைத்திருப்பர்!

காற்று உந்துங்கால் ரவையின் மெல்விளிம்பு விரிந்து குழலின் உட்சுவரை இறுகத் தழுவும். காற்று வீணே கசியாது. வெளிப்பட்ட பின்னர் அவ்விளிம்பே அம்பின் இறகாகிவிடும். குழலினுள் வெட்டப்பட்ட திருகுவரிகள் சுழற்சியும் தருகின்றன. ஆகலின் சுருள்வில்லால் இயங்கும் எளிய துப்பாக்கியின் சிற்றாற்றலும் இதற்குப் போதும். 2008-இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்திரா தங்கம் வென்றது 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியிலேயாம். அப்போட்டிக்குரிய ரவையின் குறுக்களவு 4.5 மில்லிமீட்டர், எடை ஏறத்தாழ அரைக் கிராம். இலக்கின் நடுப்புள்ளியோ அரை மில்லிமீட்டரே! தாளில் வட்டமான தெளிந்த துளை விழுதற்பொருட்டு, அந்த ரவையின் தலையைத் தட்டையாக அமைப்பர்.

அங்ஙனமாயின் வேறொரு குண்டு எதற்கு? குறுந்தொலைவில் துணைபுரியும் விளிம்பே நெடுந்தொலைவில் இடையூறாகின்றது. காற்று அதனைப் பற்றி இழுத்தலால் வேகம் விரைவிற் குன்றும். பக்கக் காற்று பாதையை விலக்கும். நொடிக்கு 340 மீட்டராகிய ஒலியின் வேகத்தை நெருங்கினாலோ ரவை தடுமாறும். ‘ஸ்லக்’ எனப்படும் கட்டிக் குண்டிற்கு இடையுமில்லை, இறகுமில்லை. அது காற்றைப் பிளந்து செல்லும். தன் வேகத்தை நெடுந்தொலைவு காக்கும்.

ஆயினும் அது பம்பரத்தின் இனம். திருகுவரிகள் தரும் சுழற்சி குண்டின் நீளத்திற்குப் போதாதாயின், ஓயும் பம்பரம்போல் தள்ளாடும். அதன் குறுக்களவும் குழலோடு மில்லிமீட்டரின் நூற்றிலொரு பங்கு பிசகாமற் பொருந்துதல் வேண்டும். வளிமண்டல அழுத்தத்தைப்போல் இருநூறு மடங்கு அழுத்திய காற்றை உருளையில் தேக்கிய துப்பாக்கிகளே இதற்கு ஏற்றவை. கனத்தது சிறந்தது என்றெண்ணிச் சுருள்வில் துப்பாக்கியில் இதனை இடுவோர், மெலிந்த வேகத்தையும் பிழைத்த குறியையுமே காண்பர். நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் படைக்கல விதிகளின்படி, 20 ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றலுடைய காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும். எனவே தொடக்கநிலையினர்க்கு உரியது ரவையே.

ரவையிலும் பலவகை உள. எது பொருந்தும் என்பதைக் குழலே கூறும். துப்பாக்கியை மணல்மூட்டையின்மேல் அமர்த்தி, சுடவேண்டிய தொலைவிலேயே, ஒவ்வொரு வகையிலும் ஐந்து சுட்டுப் பார்ப்பர். எவ்வகையின் துளைகள் நெருங்கி விழுகின்றனவோ அவ்வகையைக் கொள்வர், விலையைப் பாரார். இச்சோதனைக்கு முன்னரே இலக்கின் பின்னால் மண்மேடு ஒன்று இருத்தல் வேண்டும். ரவையும் கண்ணைப் போக்கவல்லது; கட்டிக் குண்டோ குறி தவறியபின்னும் நெடுந்தொலைவு ஓடும். ஈயம் நஞ்சாதலின், சுட்டவர் கைகழுவிய பின்னரே உணவைத் தொடுவர்.