உப்போடு சர்க்கரை ஏன்?

கடுமையான வயிற்றுப்போக்கினால் துன்புறுவோருக்கு, உப்பும் சர்க்கரையும் அளவாகக் கலந்த நீரைப் பருகக் கொடுப்பது வழக்கம். இழந்த நீரை ஈடுசெய்ய வெறும் நீர் போதாதா? உப்பு நீரில் சர்க்கரை எதற்கு? சுவைக்காக அன்று. இதற்கான விடை, சிறுகுடலின் உட்சுவரிலுள்ள உயிரணுக்களின் சவ்வில் இருக்கிறது.

ஒவ்வோர் உயிரணுவையும் மெல்லிய சவ்வு ஒன்று சூழ்ந்துள்ளது. பொதுவாகப் பொருள்கள் செறிவு மிகுந்த இடத்திலிருந்து செறிவு குறைந்த இடத்திற்குத் தாமாகவே பரவும். உயிர்வளி இவ்வாறுதான் உயிரணுவுக்குள் நுழைகிறது. மேட்டிலிருந்து பள்ளத்திற்கு நீர் பாய்வதைப் போன்ற இந்நிகழ்வுக்கு உயிரணு ஆற்றலைச் செலவிடுவதில்லை. ஆனால், பள்ளத்து நீரை மேட்டுக்கு ஏற்றப் பம்பு தேவை. அதுபோலவே, செறிவு குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்திற்கு ஒரு பொருளை அனுப்ப, உயிரணு தன் ஆற்றலைச் செலவிட வேண்டும். இதனை உயிர்ப்புக் கடத்தல் என்பர்.

இப்பணியைச் செய்யும் புரதங்களுள் முதன்மையானது சோடியம்-பொட்டாசியம் பம்பு. ஏடிபி எனும் மூலக்கூறு இதற்கு ஆற்றலைத் தருகிறது. ஓர் ஏடிபி மூலக்கூறு செலவாகும்போது, இப்பம்பு மூன்று சோடிய அயனிகளை வெளியேற்றி, இரண்டு பொட்டாசிய அயனிகளை உள்ளே கொண்டுவருகிறது. டென்மார்க் அறிவியலாளர் யென்ஸ் ஸ்கோ நண்டின் நரம்புகளை ஆராய்ந்து, 1957ஆம் ஆண்டில் இப்புரதத்தைப் பற்றிய கண்டுபிடிப்பை வெளியிட்டார். அதற்காக 1997இல் வேதியியலுக்கான நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது.

இந்தப் பம்பு ஓயாமல் இயங்குவதால், குடல் உயிரணுவுக்குள் சோடியம் எப்போதும் குறைவாகவே உள்ளது. எனவே, குடலில் இருக்கும் சோடியம் உள்ளே நுழைய முனைகிறது. அது நுழையும் வாயில்களுள் ஒன்று, சோடியமும் குளுகோசும் சேர்ந்து வந்தால்தான் இரண்டையும் உள்ளே கடத்தும். உள்ளே பாயும் சோடியம், குளுகோசையும் தன்னுடன் இழுத்துச் செல்கிறது. இங்கு ஏடிபி நேரடியாகச் செலவாவதில்லை. பம்பு முன்னரே செலவிட்ட ஆற்றலே பயன்படுகிறது. இவ்விரண்டும் உள்ளே சென்றதும், ஊடுபரவலின் வழி நீரும் பின்தொடர்கிறது. சோடியமும் குளுகோசும் இணைந்தே செல்கின்றன என்னும் கருத்தை அமெரிக்க உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் 1960இல் முன்வைத்தார்.

இக்கருத்து விரைவிலேயே உயிர்காக்கும் மருத்துவமாயிற்று. காலரா கிருமியின் நச்சு, உடலிலுள்ள நீரையும் உப்பையும் குடல்வழி வெளியேறச் செய்கிறது. ஆயினும், சோடியமும் குளுகோசும் நுழையும் வாயிலை அது முடக்குவதில்லை. 1971இல் வங்காளதேச விடுதலைப் போரின்போது, மேற்கு வங்காளத்தின் பன்காவ் நகரில் தங்கிய அகதிகளிடையே காலரா பரவியது. இரத்தக்குழாய் வழியாகச் செலுத்தும் உப்புக் கரைசல் தீர்ந்துபோகும் நிலை ஏற்பட்டது. மருத்துவர் திலீப் மகலனபிஸ் உப்பு, குளுகோஸ், சமையல் சோடா ஆகியவற்றை நீரில் கலந்து கொடுக்க ஏற்பாடு செய்தார். நோயாளிகளின் உறவினர்களே அதனைப் புகட்டினர். முகாமில் ஏறத்தாழ 30 விழுக்காடாக இருந்த இறப்பு விகிதம் 4 விழுக்காட்டுக்கும் கீழே குறைந்தது.

இக்கரைசலில் அளவு மிக முக்கியம். சர்க்கரை மிகுந்தால் குடலில் செறிவு கூடும். உடலிலுள்ள நீர் குடலுக்குள் இழுக்கப்பட்டு, நீரிழப்பு மேலும் மோசமாகும். உலகச் சுகாதார நிறுவனம் 2002 முதல் பரிந்துரைக்கும் கலவையில், ஒரு லிட்டர் நீருக்கு 13.5 கிராம் குளுகோசும் 2.6 கிராம் உப்பும் வேறு சில உப்புகளும் உள்ளன. ஆகவே, மருந்தகத்தில் வாங்கும் பொட்டலத்தை அதில் குறிப்பிட்டுள்ள அளவு தூய நீரில் கலப்பதே முறையாகும்.