“பொறவு?” என்று ஆச்சி கேட்ட கதைகள்

எண்பதுகளின் நடுவில் எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் டி.வி. இருந்தது. சுசீந்திரத்துக்குப் பக்கத்து ஊர். வீடுகளின் பின்கட்டை ஒட்டி வாய்க்கால், அதற்கப்பால் வயல். அந்த வீட்டு மொட்டைமாடியில் நட்ட இரும்புக் குழாயில் ஆன்டெனா. வடமேற்கே திருப்பினால் திருவனந்தபுரம் வரும். கிழக்கே கடலைப் பார்க்கத் திருப்பினால் இலங்கையின் ரூபவாஹினி வரும். தமிழ்நாட்டில் இருந்தும் சென்னை மட்டும் எங்களுக்கு வராது. ஞாயிற்றுக்கிழமை காலையில் குழாய் வடமேற்கே நின்றாக வேண்டும். தூர்தர்ஷனில் ஸ்டார் டிரெக் என்ற விண்வெளித் தொடர் போடுவார்கள்.

கறுப்பு வெள்ளைப் பெட்டி. பேசுவது அமெரிக்க இங்கிலீஷ். பத்துப் பதினைந்து பிள்ளைகள் தரையில் சம்மணமிட்டு இருப்போம். ஒருவருக்கும் ஒரு வரி விளங்காது. அந்த வீட்டு அண்ணன் நாகர்கோவிலில் பி.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தார். அவருடைய மாமா ஒருவருக்குத் தும்பாவில் வேலை. அதனால் ராக்கெட் விஷயத்தில் தெருவுக்கே அவர் சொன்னதுதான் தீர்ப்பு. கதவுநிலையில் சாய்ந்து நின்றபடி அவர் சொல்லச் சொல்லத்தான் எங்களுக்குக் கதை. கேப்டன் கிர்க் என்ன உத்தரவு போட்டான், ஸ்பாக் ஏன் ஒற்றைப் புருவத்தைத் தூக்கினான், டாக்டர் மெக்காய்க்கு ஏன் கோபம், எல்லாம் அவர் வாய்வழியே வந்தவை.

முடிந்ததும் வீட்டுக்கு ஓடி ஆச்சியிடம் சொல்வேன். ஆச்சி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டோ அரிவாமணையில் சாளை மீன் நறுக்கிக்கொண்டோ கேட்பாள். கதை பிடித்துவிட்டால் கை நிற்காமலே “பொறவு?” என்பாள். பிடிக்காவிட்டால், “செரி மக்ளே, போய்க் குளி.”

நாற்பது வருஷத்துக்கு அப்புறமும் ஸ்டார் டிரெக்கில் ஆகச் சிறந்த எபிசோடுகள் எவை என்று யார் கேட்டாலும், நான் எடுத்து வைக்கிற அளவுகோல் அந்த ஒரு சொல்தான்.

ஜீன் ராடன்பெரி உருவாக்கிய மூலத் தொடர் 1966 செப்டம்பர் 8-இல் தொடங்கி 1969 ஜூன் 3-இல் முடிந்தது. மொத்தம் 79 எபிசோடு. ஓடிய காலத்தில் அப்படியொன்றும் பெரிய வெற்றி இல்லை. இரண்டாம் ஆண்டோடு நிறுத்திவிடுவார்கள் என்ற பேச்சு கிளம்பி, ரசிகர்கள் மூட்டை மூட்டையாகக் கடிதம் எழுதித்தான் மூன்றாம் ஆண்டு கிடைத்தது. அதையும் வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தள்ளி, அத்துடன் கதையை முடித்தார்கள். எழுபதுகளில் அமெரிக்காவின் உள்ளூர் நிலையங்கள் திரும்பத் திரும்பப் போட்ட பிறகுதான் அதற்கு இந்தப் புகழ் வந்தது. ஆகவே இன்றைக்கு ‘சிறந்தவை’ என்று உலகம் சொல்லும் பட்டியல், முதல்முறை பார்த்து வியந்தவர்கள் போட்டதல்ல. முடிவு தெரிந்தும் பத்தாவது முறை உட்கார்ந்து பார்த்தவர்கள் போட்டது.

இது நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்குச் சொல்லாமலே புரியும். கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டு வைக்கிறோம். அண்ணாவி வீசுகோலால் வில்லின் நாணில் தட்ட, உடுக்கையும் குடமும் சேர்ந்துகொள்ள, சுடலைமாடன் கதை விடிய விடியப் போகும். அந்தக் கதை தெரியாதவர் பந்தலில் ஒருவரும் கிடையாது. ஆனால் நடுச்சாமம் தாண்டிக் குறிப்பிட்ட ஒரு கட்டம் வரும்போது, பாயில் சுருண்டு கிடக்கிற பிள்ளையை உலுக்கி எழுப்புவார்கள்: “எழும்பு மக்ளே, இதைக் கேட்டுட்டு ஒறங்கு.” ஒரு நீண்ட தொடரில் எது நல்ல எபிசோடு என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை எனக்குத் தெரியவில்லை. தூங்குகிற பிள்ளையை எழுப்பலாமா, வேண்டாமா?

எழுப்ப வேண்டாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் ஆண்டின் முதல் எபிசோடில் ஸ்பாக்கின் மூளையை யாரோ களவாடிக்கொண்டு போகிறார்கள். அது மோசமானது என்பதில் உலகத்தில் இரண்டு கருத்து இல்லை. ட்ரிபிள் என்ற மயிர்ப்பந்து உயிர்கள் கப்பல் முழுக்கப் பெருகுகிற கதை பலருக்கு உயிர். எனக்கும் பிடிக்கும், ஆனால் அது சிரித்துவிட்டுப் போகிற கதை.

எழுப்பியே ஆக வேண்டிய ஒன்று, 1967 மார்ச் 9-இல் வந்த ‘த டெவில் இன் த டார்க்’. தூரத்துக் கிரகம் ஒன்றில் சுரங்கம். பூமிக்கடியில் இருட்டில் ஏதோ ஒன்று பாறையை வெண்ணெய்போல் உருக்கிக்கொண்டு வந்து ஆட்களைக் கொல்கிறது. ஐம்பது பேர் போய்விட்டார்கள். கிர்க்கின் எண்டர்பிரைஸ் விண்கப்பல் உதவிக்கு வருகிறது. சுரங்க அதிகாரியின் மேசையில் ஓர் உருண்டைக் கல் கிடக்கிறது. தோண்டும்போது ஆயிரக்கணக்கில் கிடைத்தது, ஒன்றுக்கும் உதவாது என்கிறார் அவர். ஸ்பாக் அதைக் கையில் எடுத்துப் பார்க்கிறான். கதையின் மொத்த ரகசியமும் முதல் சில நிமிடத்திலேயே மேசைமேல், எல்லார் கண் முன்னாலும் கிடக்கிறது. அதை யாரும் கண்டுகொள்ளாதபடி எழுதியதுதான் ஜீன் கூனின் திறமை.

அந்தப் பிராணியின் பெயர் ஹோர்ட்டா. அதன் உடம்பு சிலிகனால் ஆனது, பாறையே அதற்குச் சதை. காயம்பட்டுக் கிடக்கிற அதன்மேல் ஸ்பாக் கையை வைத்து மனசோடு மனசு கலந்து, அதன் வேதனையைத் தன் தொண்டையால் கத்துகிறான். அப்போதுதான் தெரிகிறது: ஐம்பதாயிரம் வருஷத்துக்கு ஒருமுறை அந்த இனமே அழிந்து ஒன்று மட்டும் மிஞ்சும், மிஞ்சிய அந்த ஒன்று எல்லா முட்டைகளுக்கும் தாயாக இருந்து காவல் காக்கும். சுரங்கக்காரர்கள் உடைத்து எறிந்த உருண்டைக் கற்கள் அந்த முட்டைகள்.

அண்ணன் அந்த இடத்தில் குரலைத் தாழ்த்திச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “இது பிசாசு இல்லடே. இசக்கியாக்கும்.”

பிற்பாடு வசனத்தைப் படித்துக்கொண்டே பார்க்க வாய்த்தபோது, அப்படி ஒரு வரி அந்தக் கதையில் எங்கும் இல்லை என்று கண்டுகொண்டேன். ஆனால் அவர் சொன்னதுதான் சரி. எங்களுக்கு முப்பந்தல் இசக்கியம்மன் தெரியும். அநியாயமாகச் செத்தவள் உக்கிரத்தோடு திரும்பி வருவாள். அவளை வெட்டிச் சாய்ப்பதோடு எங்கள் கதைகள் முடிவதில்லை. அவளுக்கு நேர்ந்ததைக் காதுகொடுத்துக் கேட்டு, நிலையம் போட்டு, கொடை கொடுக்கச் சம்மதித்த பிறகு அவளே ஊருக்குக் காவலாகிறாள். கூனின் கதையும் அப்படித்தான் முடிகிறது. முட்டைகளைத் தொடுவதில்லை என்று மனிதர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். ஹோர்ட்டாவின் பிள்ளைகள் பாறையைக் குடைந்துகொண்டே போகும். குடைந்த வழியில் கிடைக்கும் தாதுவை மனிதர்கள் எடுத்துக்கொள்ளலாம். ஹாலிவுட்டில் உட்கார்ந்து எழுதிய ஒருவர் இசக்கியைப் பற்றிக் கேள்விப்படாமலே அவள் கதையை எழுதியிருக்கிறார். இதன் படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்கும்போதுதான் கிர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னரின் அப்பா இறந்துபோனார். அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அவர் முகத்தில் வேறொன்று தெரிகிறது.

இந்த எபிசோடை இப்போது பார்த்தால் எனக்குள் வேறு ஒரு வலியும் சேர்ந்துகொள்கிறது. எங்கள் மாவட்டத்து மலைகள் ஜல்லியாகி, பாறையாகி, டாரஸ் லாரிகளில் ராத்திரி பகலாக எல்லை தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். சின்ன வயசில் நான் ஏறி விளையாடிய ஒரு பொற்றையின் பாதி இன்று இல்லை. கல்லுக்குள்ளும் உயிர் இருக்கலாம் என்று 1967-இல் ஒரு டி.வி. தொடர் சொன்னதை நான் கற்பனை என்று ஒதுக்கிவைக்க மாட்டேன்.

அடுத்து நான் சேர்ப்பதை விமர்சகர்கள் பலர் சேர்க்க மாட்டார்கள். 1969 ஜனவரியில் வந்த ‘லெட் தட் பி யுவர் லாஸ்ட் பேட்டில்ஃபீல்டு’. ஒரே கிரகத்துக்காரர்கள் இரண்டு பேர். இருவருக்கும் முகத்தில் பாதி கறுப்பு, பாதி வெள்ளை. ஒருவரையொருவர் அழிக்கத் துடிக்கிறார்கள். கிர்க்குக்குக் காரணம் புரியவில்லை. ஒருவனுக்கு வலப்பக்கம் கறுப்பு, மற்றவனுக்கு வலப்பக்கம் வெள்ளை, அவ்வளவுதான் வித்தியாசம். கடைசியில் ஊருக்குத் திரும்பினால் பகையில் கிரகமே வெந்து கிடக்கிறது. அங்கே போயும் இருவரும் துரத்திக்கொண்டு ஓடுகிறார்கள். கதை சொல்லும் விதத்தில் கொஞ்சம் பிரசங்கம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மற்ற கதைகளில் சட்டைகளின் மஞ்சளும் நீலமும் சிவப்பும் எங்கள் பெட்டியில் ஒரே சாம்பலாகத் தெரிந்தபோது, இந்த ஒன்று மட்டும் எடுத்தபடியே எங்களுக்கு வந்து சேர்ந்தது. தோளில் சீலை போடும் உரிமைக்காக 1859 வரை பெண்கள் போராட வேண்டியிருந்த மண்ணில் இருந்து இதைப் பார்க்கிறவர்களுக்கு அந்த இரண்டு முகங்களும் அன்னியம் இல்லை. நான் சொல்லி முடித்ததும் ஆச்சி, “ரெண்டுபேர்ல எவன் ஒசந்தவன்னு அவனுவளே சொல்லிக்கிட்டானுவளோ?” என்று கேட்டாள். அதற்கு மேல் விமர்சனம் வேண்டாம்.

உலகம் முழுக்கப் பெரும்பாலோர் முதலிடம் கொடுப்பது 1967 ஏப்ரல் 6-இல் வந்த ‘த சிட்டி ஆன் த எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்’. ஹார்லன் எல்லிசன் எழுதியது. கிர்க்கும் ஸ்பாக்கும் காலத்தில் பின்னோக்கிப் போய், 1930-இன் நியூயார்க்கில் பஞ்சைகளுக்குச் சூப்பு ஊற்றுகிற ஈடித் கீலர் என்ற பெண்ணைச் சந்திக்கிறார்கள். கிர்க்குக்கு அவள்மேல் காதல். ஆனால் அவள் ஒரு வண்டியில் அடிபட்டுச் சாக வேண்டும். அவள் பிழைத்தால் சரித்திரமே திரும்பி ஹிட்லர் ஜெயித்துவிடுவான். வண்டி வருகிறது. காப்பாற்றப் பாய்கிற மெக்காயைக் கிர்க்கே கட்டிப் பிடித்து நிறுத்துகிறான். எல்லிசனின் மூலப்பிரதியைத் தொடர்க்காரர்கள் மாற்றி எழுதினார்கள்; அவர் அந்தக் கோபத்தைக் கடைசிவரை விடவில்லை. அவர் எழுதிய பிரதிக்கு எழுத்தாளர் சங்கத்தின் விருது, மாற்றி எடுத்த படத்துக்கு ஹியூகோ விருது. இரண்டும் நியாயம்தான்.

ஆச்சியிடம் இதைச் சொன்ன அன்று “பொறவு?” வரவில்லை. அரிவாமணையில் கை நின்றுவிட்டது. என் நினைவில் அப்படி நின்றது அந்த ஒருமுறைதான்.

கேபிள் வந்து, ஸ்டார் பிளஸில் ஸ்டார் டிரெக்கின் ‘அடுத்த தலைமுறை’ தொடர் வந்தபோது அண்ணன் வெளியூரில் வேலைக்குப் போய்விட்டார். நானே பார்த்து நானே புரிந்துகொண்டேன். 1987 முதல் 1994 வரை 178 எபிசோடு. தரம் ஏறி இறங்கும். ஒரு மனிதன் இருபத்தைந்து நிமிட மயக்கத்தில், வறண்டு சாகப்போகும் கிரகம் ஒன்றில் மனைவி, மக்கள், பேரனோடு முழு ஆயுளும் வாழ்ந்துவிட்டு எழுந்திருக்கிற ‘த இன்னர் லைட்’ (1992) பட்டியலில் இல்லாவிட்டால் அது பட்டியலே இல்லை. நாரதர் தண்ணீர் எடுக்கப் போய்க் குடும்பஸ்தராகித் திரும்பிய கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் எனக்கு நெருக்கமானது ‘டார்மோக்’ (1991). கதைகளின் பெயரைச் சொல்லியே எல்லாவற்றையும் பேசுகிற ஓர் இனம். சொல் புரிகிறது, கதை தெரியாததால் பொருள் புரியவில்லை. நம் வீட்டுப் பேச்சும் அதுதானே? கும்பகர்ணன் என்றால் தூக்கம், சகுனி என்றால் சூது, திரிசங்கு என்றால் அங்கும் இல்லை இங்கும் இல்லை. அந்த இனத்துக் கேப்டன் பேச்சைப் புரியவைப்பதற்காகவே இந்தத் தொடரின் கேப்டன் பிக்கார்டை ஒரு கிரகத்துக்கு இழுத்துப் போய், அங்கிருந்த மிருகத்தை எதிர்த்து அவனோடு சேர்ந்து போராடி, அதன் அடியில் காயப்பட்டுச் சாகக் கிடக்கிறான். தீ மூட்டி வைத்துப் பிக்கார்டு அவனுக்குக் கில்காமேஷ் கதையைச் சொல்கிறான். கேட்டபடியே அவன் உயிர் போகிறது.

அப்போது ஆச்சி கட்டிலோடு ஆகியிருந்தாள். இந்தக் கதையைச் சொன்னபோது இரண்டு தடவை “பொறவு?” கேட்டாள். முடிந்ததும், “சாவக் கெடக்கவன் காதுல கத சொல்லுகது நல்லதாக்கும்” என்றாள். கர்க்கடக மாசம் ராமாயணம் வாசித்த வாய் அது.

போன மாசம் கரண்டு போன ஒரு ராத்திரி, தங்கை மகள் திண்ணையில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தட்டாங்கல் ஆடிக்கொண்டிருந்தாள். பழையாற்றில் பொறுக்கிய ஐந்து உருண்டைக் கல். போன் சார்ஜ் தீர்ந்த சலிப்பில், “மாமா, ஏதாம் ஒரு கத சொல்லுங்க” என்றாள். சுரங்கத்துக் கதையை எடுத்தேன். கல்லை மேலே எறிந்து பிடித்தபடியேதான் கேட்டாள். ஹோர்ட்டா கத்திய இடத்தில் “பொறவு?” என்றாள். உடைத்தவை எல்லாம் முட்டைகள் என்று சொன்னதும், மேலே போன கல்லை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்தாள். பிறகு அதைக் காதோடு வைத்துக்கொண்டு, என்னைப் பேச வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.