இஞ்சியும் இங்கெஃபேராவும்

ஸ்வீடன் தேசத்தார் இஞ்சியை 'இங்கெஃபேரா' என வழங்குகின்றனர். இதைக் கேட்ட மாத்திரத்தில், 'இஞ்சி வேர்' அல்லவா இது என்று தமிழன்பர் மகிழ்வர். முடிவு பெரும்பாலும் சரியே. ஆயினும் செவியை மட்டும் நம்பி முடிவு கட்டுவது நெறியன்று.

அச்சொல் சென்ற வழியைக் காண்போம். பாலி மொழியில் அது 'சிங்கிவேரம்', கிரேக்கத்தில் 'ஸிங்கிபெரிஸ்', லத்தீனில் 'ஸிங்கிபெர்'. வட ஜெர்மானிய வணிகர் வாயில் முதலெழுத்து உதிர்ந்து 'இங்கெவர்' ஆகி, ஸ்வீடனை அடைந்தது. தமிழிலோ, பண்டைத் தென்மொழியில் முதலில் நின்ற சகரம் தனியே மறைந்து 'இஞ்சி' ஆயிற்று என்பர் மொழிநூலார். ஆகவே இரு கோடியிலும் சொல் இகரத்தில் தொடங்குவது தற்செயல். உறவு மட்டும் மெய்.

வடமொழிச் 'சிருங்கவேரம்' என்பதற்குக் கொம்பு போன்ற உடல் எனப் பொருள் உரைப்பதுண்டு. அது பின்னர்ப் பொருத்திய விளக்கமென்றும், மூலம் தென்மொழியே என்றும் அறிஞர் பலர் கொள்வர். 1952-இல் ஆலன் ராஸ் என்னும் ஆங்கிலப் பேராசிரியர் இவ்வொரு சொல்லை ஆராய்ந்தே ஒரு நூல் இயற்றினார்.

அத்தகைய உழைப்பையே நாம் வேண்டுகிறோம். தமிழின் தொன்மைக்குச் சான்று இருக்கையில், வெறும் ஒலியொப்புமையைக் காட்டி ஆர்ப்பரித்துப் பிறர் நகைப்புக்கு நாம் ஏன் இடந்தரல் வேண்டும்?