பின்முனைக்குப் போகும் ஆஸ்கர்

தேரடி வீதிப் பழக்கடைகளில் வாழைத்தார் கொஞ்சம் அதிகமாகக் கனிந்தால் சுற்றிச் சுற்றிப் பறக்கும் சின்ன ஈயைப் பற்றி எழுதச் சொல்லி, திருவண்ணாமலையிலிருந்து ஒரு பிளஸ் டூ மாணவி கடிதம் போட்டிருந்தார். புரதம் செய்வதற்கான செய்தியை மரபணுவிலிருந்து எடுத்துச் செல்லும் எம்.ஆர்.என்.ஏ. அவர் பாடத்தில் இருக்கிறது. அது அந்த ஈயின் முட்டைக்குள் எப்படி ஊர் போய்ச் சேருகிறது என்பது இல்லை.

பழ ஈயின் சூலகத்தில் ஒரு செல் நான்கு முறை பிரிந்து 16 ஆகிறது. அதில் ஒன்றுதான் முட்டை. மற்ற 15 செல்களும் செவிலிச் செல்கள், எம்.ஆர்.என்.ஏ.வைத் தயாரித்து, சிறு துளைகள் வழியாக முட்டைக்கு அனுப்புகின்றன. ‘பைகாய்டு’ என்ற எம்.ஆர்.என்.ஏ. முன்முனையில் தங்கினால் அங்கே தலை உருவாகும். ‘ஆஸ்கர்’ என்பது பின்முனை சேர்ந்தால்தான் வயிறும், அடுத்த தலைமுறைக்கான இனச்செல்களும்.

எனக்குத் தீராத வியப்பு ஆஸ்கரின் பயணம்தான். கைனசின் என்ற மோட்டார் புரதம் அதைச் சுமந்துகொண்டு, நுண்குழல்களின் மேல் 8 நானோமீட்டர் அடிகளாக நடக்கிறது. நேராகப் பின்பக்கம் போகும் என்றுதானே நினைப்போம்? 2008இல் உயிருள்ள முட்டைக்குள் பார்த்தபோது ஆஸ்கர் துகள்கள் எல்லாத் திசையிலும் ஓடின. பின்பக்கம் போனவை சற்றே அதிகம், அவ்வளவுதான். திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத்தன்று மாட வீதியில் ஆளாளுக்குக் குறுக்கும் நெடுக்கும் போனாலும், ஆறு மணிக்குள் கூட்டம் மொத்தமாக மலை தெரியும் பக்கம் நகர்ந்துவிடுகிறதே, அதுபோல. வழியிலேயே ஆஸ்கரிலிருந்து புரதம் உருவாகிவிடாதபடி ‘புரூனோ’ என்ற புரதம் அதை அடக்கி வைத்திருக்கும். போகவேண்டிய இடமோ ஆஸ்கரின் வால் பகுதியில் எழுதியிருக்கிறது. 1992இல் ஆன் எஃப்ரூசியும் ரூத் லேமனும் அந்த வாலுக்குப் பதில் பைகாய்டின் வாலை ஒட்டினார்கள். இனச்செல்கள் முன்முனையில் முளைத்தன!

இத்தகைய மோட்டார் புரதங்களின் இழுவிசையை அளந்த ரூப் மல்லிக் மும்பையில் வேலை செய்தவர். 2018இல் இன்ஃபோசிஸ் பரிசு பெற்றவர். நம் நாட்டிலேயே இப்படி ஆராய்ச்சி நடக்க, நம் பள்ளிகள் பலவற்றிலோ மைக்ராஸ்கோப் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கிறது. எம்.ஆர்.என்.ஏ. என்ற பெயரையே தடுப்பூசி வதந்தியில்தான் பலர் முதலில் கேட்டார்கள். பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும், பூட்டைத் திறந்துவிடுங்கள்.

மாணவிக்கு ஒன்று: கனிந்த பழத்துண்டை ஒரு பாட்டிலில் போட்டு, ஈ உள்ளே போனதும் வாயைத் துணியால் கட்டுங்கள். ஓரிரு நாளில் பழத்தின் மேல் அரை மில்லிமீட்டர் நீளத்தில் வெள்ளை முட்டைகள் இருக்கும். லென்ஸில் பார்த்தால் முன்முனையருகே இரண்டு மெல்லிய இழைகள், சில இனங்களில் நான்கு, நீட்டிக்கொண்டிருக்கும். கூழில் புதைந்த முட்டை மூச்சுவிடுவது அவற்றால்தான். அவை இருக்கும் பக்கம் முதுகு. ‘குர்கன்’ என்ற இன்னொரு எம்.ஆர்.என்.ஏ. தவறாமல் அந்த மூலைக்கு வந்து சேர்ந்ததால்தான் இழைகள் அங்கே முளைத்தன.