தேரிக்காட்டுக்கு கேங்கா போறீங்களா? முதல்ல படம், அப்புறம்தான் ஓட்டம்!

சனிக்கிழமை சாயங்காலம் நாலே முக்கால் மணி. மதுரையிலிருந்து வேனில் கிளம்பிய நாங்கள் பதினோரு பேர் திருச்செந்தூர் பக்கம் தேரிக்காட்டில் இறங்கினோம். எதிரே செக்கச்செவேல் என்று ஒரு மணல் மேடு. அதன் மேல் காற்று போட்டு வைத்த வரிவரியான கோடுகள். ஒரு கால்தடம்கூட இல்லை. "டேய், செமடா!" என்று ஒருத்தன் கத்தினான். அவ்வளவுதான், பதினோரு பேரும் மேட்டில் ஏறி ஓடினோம். மூச்சு வாங்கிவிட்டு போனை எடுத்தபோதுதான் உறைத்தது. எதைப் படம் பிடிக்க வந்தோமோ, அதை எங்கள் காலாலேயே அழித்துவிட்டோம்.

வார இறுதியில் குரூப்பாகப் போகிற பலருக்கும் நடக்கிற கதைதான் இது. மணல் மேட்டில் நல்ல படம் கிடைப்பது போனின் விலையில் இல்லை. யார், எப்போது, எங்கே கால் வைக்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.

தேரி ஏன் சிவப்பு?

தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் கடலோரப் பகுதியில் இருக்கும் செம்மணல் மேடுகளைத்தான் தேரி என்கிறோம். கடற்கரை மணல் வெளுப்பாக இருக்க, சில கிலோமீட்டர் உள்ளே மட்டும் ஏன் இந்த நிறம்? ஒவ்வொரு மணல் துகள் மேலும் இரும்பு ஆக்சைடு மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கிறது. எளிமையாகச் சொன்னால், துரு.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்று இங்கே மழையை விட மணலைத்தான் அதிகம் வாரிக்கொண்டு வரும். பனை, உடைமரம், கொல்லாமரம் (முந்திரி) எல்லாம் வேர் பிடித்து மணலை ஓரளவு நிறுத்தி வைத்திருக்கின்றன. அந்த மாதங்களில் போனால் கண்ணிலும் லென்ஸிலும் மணல்தான். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை போவது வசதி.

எந்த நேரம் சரி?

மணல் கோடுகளின் உயரம் ஒரு விரல் அகலம்கூட இருக்காது. உச்சி வெயிலில் நிழல் விழாததால் மேடே தட்டையாகத் தெரியும். சூரியன் மறைவதற்கு முந்தைய ஒரு மணி நேரம், வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழும்போது, ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு நிழல் கிடைக்கும். உதயத்துக்குப் பிந்தைய ஒரு மணி நேரத்துக்கும் இதே கணக்குதான்.

போனில் என்ன மாற்றணும்?

ஆட்டோ மோடில் எடுத்தால் தேரியின் சிவப்பு பல நேரம் வெளுத்த ஆரஞ்சாகிவிடும். "ஃப்ரேம் முழுக்கச் சிவப்பா இருக்கே, ஏதோ தப்பு" என்று நினைத்து போனே நிறத்தைத் திருத்துவதுதான் காரணம். ப்ரோ மோடு இருந்தால் வைட் பேலன்ஸை 5,500 கெல்வின் அருகே நிறுத்திக்கொள்ளுங்கள். இல்லையென்றால் திரையில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸை லாக் செய்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். சிவப்பு திரும்பி வரும்.

இன்னொரு டிப்ஸ்: போனைத் தலைகீழாகப் பிடியுங்கள். லென்ஸ் தரைக்குப் பக்கத்தில் வந்துவிடும், சின்னக் கோடுகள்கூட மலைத்தொடர் மாதிரி தெரியும். தூரத்தில் ஒருவரை மட்டும் நடக்கவிட்டால் மேடு எவ்வளவு பெரிசு என்பதும் புரியும்.

லென்ஸில் மணல் ஒட்டினால் சட்டையால் துடைக்காதீர்கள். மணலில் உள்ள குவார்ட்ஸ் கண்ணாடியை விடக் கடினமானது, கீறல் விழும். முதலில் ஊதி, பிறகு மென்மையான துணியால் துடையுங்கள்.

குரூப்புக்கு என்ன ரூல்?

வேனிலேயே பேசி முடிவு பண்ணுங்க. இறங்கியதும் எல்லோரும் கீழேயே நின்று, கால்தடம் இல்லாத படங்களை எடுக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒருவர் மட்டும் மேட்டின் விளிம்பில் ஏறலாம். மற்றவர்கள் அவர் தடத்திலேயே ஒற்றை வரிசையாகப் போகலாம். குரூப் போட்டோ, குதிக்கும் ரீல்ஸ் எல்லாம் கடைசியில்.

உள்ளே போனால் எல்லா மேடும் ஒரே மாதிரி இருக்கும், வந்த தடத்தையும் காற்று மூடிவிடும். அதனால் வண்டி நிற்கும் இடத்தை ஆஃப்லைன் மேப்பில் குறித்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீராவது வேண்டும். தேரியில் வனத்துறையின் பொறுப்பில் உள்ள பகுதிகளும் உண்டு, கேட்டுவிட்டு நுழையுங்கள். அய்யனார் கோயில்களுக்குக் குலதெய்வம் கும்பிட வருகிறவர்களையும் பனை ஏறுகிறவர்களையும் அனுமதி இல்லாமல் படம் எடுக்காதீர்கள்.

பாறைக்கு எங்கே போகலாம்?

ஞாயிறு காலை மணப்பாடு. திருச்செந்தூருக்குத் தெற்கே, கடலைப் பார்த்து நீண்டிருக்கும் குன்று. மேலே 1581-ல் கட்டப்பட்ட திருச்சிலுவை ஆலயம். கீழே, 1542-ல் இந்தக் கரைக்கு வந்த புனித சவேரியாரோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் குகை. கரையோரப் பாறைகளை அலையும் உப்பும் அரித்துக் குழிகுழியாக்கி வைத்திருக்கின்றன. கடலிலிருந்து எழும் சூரியன் பக்கவாட்டில் படும்போது ஒவ்வொரு குழியும் தனியாகத் தெரியும்.

அலை மோதும் நொடியை விட, தண்ணீர் பாறையிலிருந்து வழிந்து இறங்கும் நொடி அழகு. பர்ஸ்ட் மோடில் எடுத்து நல்லதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பச்சையாகப் பாசி படிந்த பாறையில் கால் வைக்க வேண்டாம். செல்ஃபிக்காகக் கடலுக்கு முதுகு காட்டி நிற்கவே வேண்டாம்.

அந்தக் குட்டிக் கல்லை எடுக்கலாமா?

எடுக்கவே கூடாது. தேரியில் நகம் அளவு கூரான கற்கள் கண்ணில் பட்டால், அவை வெறும் கல்லாக இல்லாமலும் இருக்கலாம். மெஞ்ஞானபுரம், சாயர்புரம் போன்ற தேரிப் பகுதிகளில் கிடைத்த நுண்கற்கருவிகள் பற்றி சாய்னர், ஆல்ச்சின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1956-லேயே விரிவாக எழுதியிருக்கிறார்கள். உலோகம் வருவதற்கு முன்பு இங்கே வேட்டையாடி வாழ்ந்தவர்கள் செதுக்கிய கருவிகள் அவை.

எந்த மேட்டில், எந்த மண் அடுக்கில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் அந்தக் கல் சொல்லும் பாதிக் கதை. பாக்கெட்டில் போட்ட நொடியில் அந்தக் கதை போய்விடும். பதினோரு பேர் ஆளுக்கு ஒன்று எடுத்தால்? சந்தேகமாக இருந்தால் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, லொகேஷனை ஆன் பண்ணி ஒரு படம் எடுங்கள். தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். இன்ஸ்டாவில் இடத்தைப் போடாதீர்கள்.

ஞாயிறு சாயங்காலம் ஊர் திரும்பும் வழியில் அதே மேட்டுக்கு மறுபடி போனோம். ராத்திரிக் காற்றும் பகல் காற்றும் எங்கள் தடங்களில் பாதியை மூடியிருந்தன. ஒரு ஓரத்தில் புதுக் கோடுகள் விழுந்திருந்தன. இந்த முறை யாரும் ஓடவில்லை. பத்து பேர் கீழே நிற்க, ஒருத்தி மட்டும் விளிம்போரமாக நடந்து போனாள்.

எங்கள் வாட்ஸ்அப் குரூப்புக்கு இன்றும் அந்தப் படம்தான் டிபி.